கடல்நீர்த் தொட்டியில் பாசி... மயில்துத்தம் போடலாமா?

“வீட்டில் 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்து கோமாளி மீன் ஜோடியும் கடல் சாமந்தியும் வளர்த்து வருகிறோம். மீன்கள் முட்டையிடும் ஓட்டிலும் பாறையிலும் பாசி படர்ந்துவிட்டது. தோட்டத்துத் தொட்டிக்குப் போடுவதுபோல மயில்துத்தம் போடலாமா?”

- வாசகர் ஒருவர், ராமநாதபுரம் மாவட்டம்.

போடவே கூடாது. மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட். கடல் சாமந்தி, இறால், நத்தை போன்றவற்றுக்குத் தாமிரம் மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு. பாறையும் சுண்ணாம்பு மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். அதனால், தண்ணீரை மாற்றினாலும் ஆபத்து தீராது. மேலும், மொத்தப் பாசியும் ஒரே நேரத்தில் செத்து அழுகினால் ஆக்ஸிஜன் குறைந்து, இரவோடு இரவாக மீன்களும் இறக்கக்கூடும். மருந்தைத் தேடும் முன்பு, வந்திருப்பது எந்தப் பாசி என்று பார்க்க வேண்டும்.

பழுப்புத் தூள்: விரலால் தேய்த்தால் மாவுபோல வந்துவிடும். இது டயாட்டம். புதிய தொட்டிகளில் வருவது இயல்பு. தண்ணீரிலுள்ள சிலிக்கேட் தீர்ந்ததும் சில வாரங்களில் தானாகவே மறையும்.

பச்சை நூல் பாசி: முடிபோல நீண்டு, பாறையைப் பிடித்துக்கொண்டு வளரும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்துவிட்டன என்பதற்கு இது அடையாளம்.

கருஞ்சிவப்பு ஆடை: வழவழப்பாகப் படர்ந்து, இழுத்தால் பாலாடைபோல உரிந்து வரும், நாற்றமும் இருக்கும். நெல் வயலுக்கு உயிர் உரமாக இடும் நீலப்பச்சைப் பாசியின் இனத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். நீரோட்டம் இல்லாமல் கழிவு தேங்கும் மூலைகளில்தான் முதலில் தோன்றும்.

குமிழி கோத்த பழுப்புச் சளி: பகலில் காற்றுக் குமிழிகளுடன் இழை இழையாகத் தொங்கும், இரவில் குறைந்து, மறுநாள் மீண்டும் வரும். இது டைனோபிளாஜெல்லேட். இதை மேயும் நத்தைகள் இறந்துபோவது உண்டு. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் அறவே இல்லாமல் போன தொட்டியிலும் இது வரும். அப்படி வந்திருந்தால், அடிக்கடி தண்ணீர் மாற்றுவது பிரச்னையைக் கூட்டிவிடும்.

இளஞ்சிவப்பு, ஊதாப் பூச்சு: சுண்ணாம்புபோலக் கெட்டியாக ஒட்டியிருக்கும். இது நல்ல பாசி. பாறையில் இருந்தால் சுரண்டாமல் விட்டுவிட வேண்டும்.

இந்தத் தொட்டியில் இருப்பது நூல் பாசி என்றால், முதலில் பார்க்க வேண்டியது ஊற்றும் தண்ணீரை. கடல்நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நீர் மட்டும்தான் குறையும். அதை ஈடுகட்ட நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஆனால், கிணறு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சிலிக்கேட் இருக்கும். யூரியா இடும் வயல்களை ஒட்டிய கிணறு என்றால் நைட்ரேட்டும் கலந்திருக்கும். தினமும் அதை ஊற்றுவது பாசிக்கு உரம் போடுவதற்குச் சமம். ஆர்.ஓ. தண்ணீர் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது தீவனம். ஓரிரு நிமிடங்களில் மீன்கள் தின்று தீர்க்கும் அளவுக்குப் போட்டால் போதும். உறைய வைத்த தீவனத்தை உருக வைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றைக் கொட்டிவிட வேண்டும். விளக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது. ஜன்னல் வெயில் தொட்டியில் விழக் கூடாது.

நூல் பாசியைக் கையால் பிடுங்கி, பாறையைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, கழிவைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை 10 முதல் 15 சதவிகிதத் தண்ணீரை, அதே உப்புத்தன்மையும் வெப்பமும் உள்ள புதிய கடல்நீரால் மாற்ற வேண்டும். நைட்ரேட் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.1 பி.பி.எம். அளவுக்குள் இருக்கிறதா என்று பரிசோதனைப் பெட்டி மூலம் வாரந்தோறும் பார்த்து எழுதி வைப்பது நல்லது. இரண்டையும் ஒரேயடியாகப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோகவும் கூடாது.

பக்கத்தில் சிறு தொட்டி வைத்து, கஞ்சிப் பாசி போன்ற கடற்பாசியை வளர்த்து, இரண்டுக்கும் இடையே தண்ணீரைச் சுழலவிடலாம். சத்தை அது எடுத்துக்கொள்வதால் வேண்டாத பாசிக்குத் தீனி குறையும். வளர வளர அறுத்து வெளியே எடுத்தால்தான் பலன். அங்கேயே அழுகவிட்டால் சத்து திரும்பத் தண்ணீருக்கே போய்விடும்.

பாசி பிடித்ததற்குப் பதிலாகப் புதிய பவளப்பாறையைக் கடலிலிருந்து எடுத்துவரும் எண்ணம் வேண்டாம். பவளங்கள் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. எடுப்பதும் விற்பதும் குற்றம். செயற்கைப் பாறையே போதும்.

மீன்கள் முட்டையிட்டிருந்தால் அந்த ஓட்டைத் தொடக் கூடாது. குஞ்சு பொரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதுவரை ஆண் மீனே சுத்தம் பார்த்துக்கொள்ளும். பொரித்த பிறகு ஓட்டைத் தேய்த்து வைக்கலாம். மேலும் விவரங்களுக்கு, மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்தை அணுகலாம். போகும்போது பாசியைத் தொட்டி நீரோடு ஒரு பாட்டிலில் எடுத்துச் சென்றால், வகையைக் கண்டறிய உதவியாக இருக்கும்.