கடைசி நிமிட மனந்திரும்புதலும் கல்லறைச் சுவரும்

‘சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கே பரலோகம் கிடைத்தது. கடைசி நேரத்தில் மனந்திரும்பினால் நமக்கும் கிடைக்கும்.’ கிறித்தவக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வயிற்றில் அடித்தவன் சாகும் தறுவாயில் ஒரு வார்த்தை சொல்லி மோட்சம் போய்விடலாமா என்ற எதிர்க் கேள்வியும் பழையதுதான். இது இறையியல் மாணவர்களின் பட்டிமன்றம், சாதி ஒழிப்பு பேசுகிற நமக்கு இதில் என்ன வேலை என்று சில தோழர்கள் நினைக்கலாம். வேலை இருக்கிறது. தமிழ்நாட்டில் சாவின் கடைசி நிமிடமும் சாதிவாரியாகத்தான் பங்கிடப்பட்டிருக்கிறது.

முதலில் அந்தக் கள்ளனைப் பார்ப்போம். லூக்கா நற்செய்தி 23ஆம் அதிகாரத்தில் இயேசுவோடு இரண்டு குற்றவாளிகள் சிலுவையில் அறையப்படுகிறார்கள். ஒருவன் ஏளனம் செய்கிறான். இன்னொருவன் அவனைக் கண்டிக்கிறான். நமக்குக் கிடைத்த தண்டனை நியாயம், இவரோ தவறேதும் செய்யாதவர் என்று ஊரறியச் சொல்கிறான். அதன் பிறகே தன்னை நினைவில் கொள்ளும்படி கேட்கிறான். அன்றைக்கே அவனுக்குப் பேரின்பம் வாக்களிக்கப்படுகிறது. ஆக, கிறித்தவ நம்பிக்கைப்படி கடைசி நிமிட மனந்திரும்புதல் செல்லும். மத்தேயு 20இல் வரும் திராட்சைத் தோட்ட உவமையிலும் கடைசி ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கு முழு நாள் கூலி கிடைக்கிறது. எனக்கு இதில் சண்டை இல்லை. பகல் முழுக்கக் காத்து நின்றும் யாரும் வேலைக்குக் கூப்பிடாதவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் அல்லவா?

என் சண்டை, இந்தச் சலுகையை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான். கள்ளனின் கைகள் ஆணியால் அறையப்பட்டிருந்தன. திருடியதைத் திருப்பிக் கொடுக்க அவனிடம் நேரமும் இல்லை, கையும் இல்லை. கை கால் நன்றாக இருப்பவனுக்கு அதே லூக்கா வேறொரு கதை வைத்திருக்கிறார். 19ஆம் அதிகாரத்தில் வரும் சக்கேயு வரி வசூலித்துக் கொழுத்த பணக்காரன். அவன் கண்ணீர் விட்டதாகக் கதையில் இல்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் எழுந்து நின்று அறிவிக்கிறான். அதைக் கேட்ட பிறகுதான் இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்கிறார் இயேசு. நிலம், பதவி, கல்வி நிறுவனம், கோவில் சாவி எல்லாவற்றையும் கையில் வைத்திருப்பவர்கள் சக்கேயுவின் கணக்கில் வருகிறவர்கள். அவர்கள் கள்ளனின் வரிசையில் போய் நிற்பது மோசடி.

இனி நம் ஊருக்கு வருவோம். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பார்ப்பன சந்நியாசியைப் போல வாழ்ந்து உயர்சாதியினரிடம் சமயம் பரப்பினார். முன்பே மதுரையில் பரதவர்களுக்காக நடந்துவந்த கோவிலிலிருந்து விலகித் தனியாக ஒரு கோவில் கண்டார். பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொண்டே கிறித்தவராக இருக்கலாம் என்று 1623இல் போப் 15ஆம் கிரகோரி அனுமதி தந்தார். தாழ்த்தப்பட்டோரை இகழ வேண்டாம் என்று உயர்சாதியினரிடம் கேட்டுக்கொண்டதும் அதே கடிதம்தான். பூணூலுக்குக் கிடைத்தது அனுமதி. தாழ்த்தப்பட்டோருக்குக் கிடைத்தது வேண்டுகோள்.

இதன் விளைவு சாவுப் படுக்கை வரை போனது. கத்தோலிக்க வழக்கத்தில் சாகக் கிடப்பவரிடம் குருவானவர் போய்ப் பாவசங்கீர்த்தனம் கேட்டு, அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும். ஆனால் தீண்டப்படாதவராக வைக்கப்பட்டிருந்த பறையர் வீட்டுக்குள் குரு நுழைந்தால் உயர்சாதிக் கிறித்தவர்கள் விலகிவிடுவார்கள் என்று சேசு சபையினர் தயங்கினார்கள். போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், 1704இல் வெளியிட்ட ஆணையில் இதைக் கண்டித்து, பறையர் வீடுகளுக்குள் சென்று நோயாளிகளுக்கு அருட்சாதனம் தர வேண்டும் என்றார். அந்த ஆணையை எதிர்த்து ரோமில் 40 ஆண்டுகள் வழக்காடினார்கள். கடைசியில் 1744இல் போப் 14ஆம் பெனடிக்ட் ஏற்றுக்கொண்டது ஒரு சமரசம்: பறையர்களுக்கென்று தனிக் குருக்கள். சாகிறவனின் குடிசைக்குள் நுழைவதா வேண்டாமா என்பதற்கு 40 ஆண்டு வழக்கு! அந்த 40 ஆண்டில் எத்தனை பேரின் கடைசி நிமிடம் வாசலுக்கு வெளியே காத்துக் கிடந்திருக்கும்? மனந்திரும்ப வேண்டியவர் உள்ளே படுத்திருந்தவரா, வெளியே நின்றவரா?

இது பழங்கதை என்று சொல்பவர்கள், அப்போதைய விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரை நினைத்துப் பார்க்கட்டும். அங்கே தலித் கிறித்தவர்கள் கேட்டது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. தங்கள் பிணமும் பொதுத்தெரு வழியாகக் கோவிலுக்குப் போக வேண்டும், சவ வண்டியும் கல்லறையும் பொதுவாக இருக்க வேண்டும் என்றார்கள். அது மறுக்கப்பட்டதால் தங்களுக்கெனத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் வன்னியக் கிறித்தவர்கள் அவர்களைத் தாக்க, கலவரமும் காவல்துறைத் துப்பாக்கிச் சூடும் நடந்து இரண்டு உயிர்கள் போயின. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித்துகளின் புதைகுழிகளைப் பிரித்து ஒரு சுவர் எழுப்பப்பட்டது. அதை அகற்றக் கோரிப் பல போராட்டங்கள் நடந்தன. அந்தச் சுவரின் மறுபக்கம் படுத்திருக்கும் உயர்சாதிக்காரர் ஒருவர் கடைசி நிமிடத்தில் உள்ளம் உருகி மனந்திரும்பியே இருக்கட்டும். அவர் உடல் எங்கே போனது? சாதிக் குழிக்குத்தான்.

நான் வசிக்கும் பரவையிலிருந்து விளாங்குடி வழியாக மதுரைக்குள் போகும்போது சுவர்களில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளைப் பார்க்கலாம். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று இருக்கும். அதற்குக் கீழே உறவின்முறையின் பெயரும் சாதிச் சங்கத்தின் பெயரும் இருக்கும். மணமக்கள் தேவை விளம்பரங்கள் இன்னும் வெளிப்படையானவை. ‘இரட்சிக்கப்பட்ட’ பெண் வேண்டும், ஆனால் சொந்தச் சாதியில் வேண்டும். பாவத்துக்கு மரித்து மறுபடியும் பிறந்தவர்கள், பிறக்கும்போது அதே சாதியைத் தேடிப்பிடித்துப் பிறப்பது என்ன அதிசயம்!

தனிமனிதருக்காவது சாவு என்று ஒரு கெடு இருக்கிறது. நிறுவனத்துக்கு அதுவும் இல்லை. அதனால் அது மனந்திரும்பிக்கொண்டே இருக்கலாம். 1990இல் தமிழக ஆயர் பேரவை பத்து அம்சத் திட்டம் அறிவித்தது. 2003 நவம்பரில் போப் இரண்டாம் ஜான் பால், தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவையின் கொள்கை அறிக்கை, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது, 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும் சொன்னது. ஒப்புக்கொண்டது நல்லது. ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தைச் சொல்வது ஒரு பகுதிதான். பரிகாரமும் செய்ய வேண்டும், திருடியதைத் திருப்பித் தர வேண்டும் என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலே சொல்கிறது. பெரும்பான்மையாக இருக்கும் மக்களுக்குச் சபையின் பதவிகளிலும் கல்லூரி வேலைகளிலும் நிலங்களிலும் என்ன பங்கு வந்தது? மன்னிப்பு கடவுளிடம் கேட்கப்படுகிறது. காயம்பட்டவர் கோவிலின் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார்.

கொடுமை என்னவென்றால், மனந்திரும்பு என்ற பிரசங்கம் அதிகம் பாய்வது அவர் மேல்தான். மதம் மாறிய தீண்டப்படாதோரின் நிலை பற்றி எழுதும்போது அம்பேத்கர் இதைத் தொட்டுக் காட்டினார்: உன் துன்பத்துக்கு உன் பாவமே காரணம் என்று போதிக்கப்படுகிறவன், தன்னை வதைக்கும் சமூகத்தை எதிர்த்து எழ மாட்டான். அடித்தவனுக்குக் கள்ளனின் சலுகை, அடிபட்டவனுக்குப் பாவி என்ற பட்டம்.

‘இரட்சிப்பு கிருபையால் வருவது, கிரியையால் அல்ல. சுவரை இடித்தால்தான் மோட்சம் என்பது வேதத்துக்கு விரோதம்’ என்று சிலர் சொல்வார்கள். சுவரை இடிப்பது மோட்சத்துக்கான கட்டணம் என்று நான் சொல்லவில்லை. மனந்திரும்பியதற்கு அத்தாட்சி எங்கே என்றுதான் கேட்கிறேன். இதே மதுரையில் அமெரிக்கன் மிஷன், சாதியைக் கைவிடுவதுதான் உண்மையான விசுவாசத்துக்கு அத்தாட்சி என்று 1847இல் தீர்மானம் போட்டது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடு, பார்க்கலாம் என்றது. உபதேசியார்கள் பலர் வேலையை விட்டார்களே தவிர, சாதியை விடவில்லை. வடக்கன்குளத்தில் வெள்ளாளரையும் நாடாரையும் கோவிலுக்குள் பிரித்த சுவரை 1910இல் கௌசானல் பாதிரியார் இடித்தார். வெள்ளாளர்கள் உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். கை இருந்தவர் கையைப் பயன்படுத்தினார், சுவர் போனது. கிருபைக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கிறித்தவ இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தவக்காலத்தில் மன்னிப்புப் பிரசங்கம் கேட்கும்போது உங்கள் பங்கில் நான்கு கேள்விகள் கேளுங்கள். கல்லறைக்குள் சுவரோ வரப்போ இருக்கிறதா? சவ வண்டி எல்லாத் தெருவுக்கும் போகிறதா? தேர் எந்தத் தெரு முனையில் திரும்புகிறது? பங்குப் பேரவையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு இன்னும் உயிர் இருக்கிறது, நேரம் இருக்கிறது, கையும் இருக்கிறது. அவர்கள் கடைசி நிமிடத்துக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.