செத்த காருக்கு உயிருள்ள ஆர்.சி.!

"பார்த்து வாங்கியிருக்கக் கூடாதா?" பழைய கார் வாங்கி ஏமாந்தவரிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நாம் கேட்கிறோம்: எதைப் பார்த்து வாங்குவது?

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. ரிப்பேர்ச் செலவு பாலிசியில் குறித்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், கார் "முழு நஷ்டம்" என்று இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி தீர்மானிக்கிறது. சொந்தக்காரருக்கு நஷ்டஈடு கிடைக்கிறது. கார் எங்கே போகிறது? காயலான் கடைக்கா? இல்லை, ஏலத்துக்கு! ஏலம் எடுத்தவர் சேற்றைக் கழுவி, மெத்தையை மாற்றிச் சந்தைக்குக் கொண்டுவருகிறார். ஆர்.சி.யில் "முழு நஷ்டம்" என்ற குறிப்பு கிடையாது.

மணவூரில் ஒரு டிரைவர், சீட்டுப் பணத்தோடு நகைக் கடனையும் சேர்த்து இப்படி ஒரு காரை வாங்கினால் அவர் கதி என்ன? ஒயரிங் உள்ளுக்குள்ளே அரிக்கும். விபத்தில் காற்றுப்பை விரியும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. கார் படுத்துவிடும், கடன் நிற்கும்!

சட்டம் இல்லையா? இருக்கிறது! வண்டி அழிந்தாலோ, நிரந்தரமாக உபயோகமற்றுப் போனாலோ, சொந்தக்காரர் 14 நாளுக்குள் அல்லது கூடிய சீக்கிரம் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு. ஆனால் ரிப்பேர் செய்ய முடிகிற வண்டி "நிரந்தரமாக உபயோகமற்றது" அல்லவாம்! நஷ்டஈட்டுக் கணக்கில் செத்த வண்டி, ஏலக் கணக்கில் விலைபோகும் சரக்கு! இந்தச் சந்தில்தான் கொள்ளை லாபம் நடக்கிறது. நொறுங்கிய வண்டியின் ஆர்.சி.யை வைத்து, அதன் எண்ணைத் திருட்டு வண்டியில் பொறிக்கும் கும்பல்களும் இதே சந்தில்தான் நுழைகின்றன.

ரிப்பேர் செய்த கார் எல்லாமே மோசமா என்று வியாபாரிகள் கேட்கலாம். விற்க வேண்டாம் என்று யார் சொன்னது? உண்மையைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்கட்டும்! பிரிட்டனில் கழிக்கப்பட்ட கார்களை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள்; அவற்றில் இரண்டு வகை ரோட்டுக்கே திரும்பக் கூடாது. அமெரிக்க மாநிலங்களில் உரிமைப் பத்திரத்திலேயே முத்திரை விழுகிறது. இங்கே மட்டும் ஏன் முடியாது?

வாங்குவோர் பழைய பாலிசியைக் கேளுங்கள். நஷ்டஈடு வாங்கியதுண்டா என்று கம்பெனியிடம் விசாரியுங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துச் சேற்றுக் கறை பாருங்கள். சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள்.

ஆனால் வாங்குவோரின் உஷார் மட்டும் போதாது. "முழு நஷ்டம்" என்று தீர்மானித்த அன்றே கம்பெனி அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யில் முத்திரை விழாமல் ஏலமே கூடாது. நஷ்டத்தைக் கணக்கெழுதத் தெரிந்தவர்களுக்கு, அதை ஜனங்களிடம் சொல்லவும் தெரிய வேண்டும்!