ஹெச்.பி. இரண்டாவது கேள்வி

மோட்டார் கடைக்குள் நுழைந்ததும் நம்மில் பெரும்பாலோர் கேட்பது ஹெச்.பி.யைத்தான். "ஒன்னு போதுமா, ஒன்றரையாப் போட்டுரலாமா?" கடைக்காரரும் அதே கணக்கில் பதில் சொல்கிறார். தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் கிடக்கிறது, அங்கிருந்து எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்ற பேச்சே பல நேரம் எழுவதில்லை. பம்புத் தயாரிப்பில் நாட்டுக்கே முன்னோடியான கோவையைக் கையில் வைத்திருக்கும் மாநிலம் நம்முடையது. ஆனாலும் மோட்டார் வாங்குவதில் நம் வழக்கம் இதுதான். எந்த வகைப் பம்பு வேண்டும் என்பதை ஆழம்தான் முடிவு செய்கிறது. ஹெச்.பி. அதற்கு அப்புறம் போடும் கணக்கு.

ஆழத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? எந்தப் பம்பும் தண்ணீரை இழுப்பதில்லை என்பதால். இளநீரில் குழல் போட்டு உறிஞ்சும்போது, குழலுக்குள் இருக்கும் காற்றை மட்டுமே நாம் எடுக்கிறோம். வெளிக்காற்று இளநீரை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது. குழலுக்குள் எதிர்ப்பு குறைந்ததும் அந்த அழுத்தமே இளநீரை மேலே ஏற்றிவிடுகிறது. கிணற்று மேட்டில் இருக்கும் மோட்டார் செய்வதும் இவ்வளவுதான். குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைப்பது அதன் வேலை, தண்ணீரை ஏற்றுவது காற்றின் வேலை.

காற்றின் பலத்துக்கும் எல்லை உண்டு. கடல்மட்டத்தில் அது தாங்கும் நீரின் உயரம் 10.3 மீட்டர், அதாவது ஏறத்தாழ 34 அடி. அதற்குக் கீழே தண்ணீர் இருந்தால், தரைமேல் நூறு ஹெச்.பி. மோட்டாரை வைத்து உறிஞ்சினாலும் ஒரு சொட்டு வராது. உறிஞ்சு பம்புகள் சுமார் 18 முழத்துக்கு மேல் தண்ணீர் எடுப்பதில்லை என்பதை 1638-இல் வெளியான தன் நூலில் கலிலியோ எழுதினார். நீளம் கூடினால் கயிறு தன் பாரத்தால் அறுவதைப் போல நீர்த்தம்பமும் அறுந்துவிடுகிறது என்று அவர் நினைத்தார். அவரிடம் இருந்த டாரிசெல்லிதான் பாதரசக் குழாயை வைத்து, தூக்கி நிறுத்துவது வெளிக்காற்றின் எடை என்று சில ஆண்டுகளில் விளக்கினார். குழாயின் உராய்வு, மூட்டுகளில் கசிவு எல்லாம் போக, நடைமுறையில் 22 முதல் 25 அடிவரைதான் நம்பலாம்.

இந்த 25 அடிக்குள் தண்ணீர் இருக்கும் கிணற்றுக்கும் சம்புக்கும் மோனோபிளாக் பம்பே போதும். உள்ளே இம்பெல்லர் என்ற சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,900 சுற்று சுற்றித் தண்ணீரை ஓரத்துக்கு வீசுகிறது. நடுவில் அழுத்தம் குறைய, கீழிருந்து புதுத் தண்ணீர் ஏறுகிறது. வீசப்பட்ட தண்ணீரின் வேகம் கூட்டுக்குள் அடங்கி அழுத்தமாக மாறி, மாடித் தொட்டிவரை தள்ளுகிறது. ஆனால் இம்பெல்லர் தண்ணீரில் சுற்ற வேண்டும். காற்று தண்ணீரைவிடச் சுமார் 800 மடங்கு லேசானது. அதை எவ்வளவு வேகமாக வீசினாலும் போதிய அழுத்தக் குறைவு உண்டாகாது. 'ஏர் எடுத்துருச்சு' என்று மெக்கானிக் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதனால்தான். ஊற்றிய தண்ணீர் இறங்கிப் போகாமல் பிடித்துவைப்பது அடியில் இருக்கும் ஃபுட் வால்வு. தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தால் மோட்டாரைக் கழற்றாதீர்கள், முதலில் அந்த வால்வைப் பாருங்கள்.

நீர்மட்டம் இறங்க இறங்க, கொங்குப் பகுதி விவசாயிகள் கிணற்றுக்குள்ளேயே திட்டு கட்டி மோட்டாரையும் கீழே இறக்கினார்கள். காற்றின் எல்லையை மீற முடியாது, மோட்டார்தான் தண்ணீரை நெருங்க வேண்டும். அது புரிந்துதான் செய்தார்கள். ஜெட் பம்பு இதற்கு இன்னொரு வழி. மேலே வந்த தண்ணீரில் ஒரு பங்கை மறுபடி கீழே அனுப்பி, சிறு துளை வழியாக வேகமாகப் பீய்ச்சி, சுற்றியுள்ள நீரையும் சேர்த்து மேலே தள்ளச் செய்கிறது. ஒரே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றுவதால் மின்சாரம் வீணாகிறது. பழைய வீடுகளில் இருப்பது இருக்கட்டும், புதிதாக வாங்கப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

உறிஞ்சுவதற்குத்தான் எல்லை, தள்ளுவதற்கு இல்லை. மோட்டாரின் வலுவும் குழாயின் உறுதியும் இருந்தால் எத்தனை நூறு அடிக்கும் தள்ளலாம். சப்மெர்சிபிள் பம்பு இந்த உண்மையின் மேல் நிற்கிறது. பம்பும் மோட்டாரும் சேர்ந்தே போர்வெல்லுக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. அடியில் மோட்டார், அதன் தலைமேல் வரிசையாக இம்பெல்லர்கள். குறுகிய போருக்குள் பெரிய சக்கரம் நுழையாது என்பதால் சின்னச் சக்கரங்களை அடுக்குகிறார்கள். ஒவ்வொரு அடுக்கும் தன் பங்குக்கு அழுத்தத்தைக் கூட்டுகிறது. ஆழம் கூடினால் அடுக்கும் கூடும். உடலை ஒட்டி ஓடும் தண்ணீர்தான் மோட்டாரைக் குளிரவைக்கிறது. போர் வற்றிய பிறகும் ஓடினால் பேரிங்கும் காயிலும் போய்விடும். 'டிரை ரன்' தடுப்பு உள்ள ஸ்டார்ட்டரில் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம். மும்முனை இணைப்பில் இரண்டு ஒயர் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். அப்போதும் கொஞ்சம் தண்ணீர் வரும் என்பதால் பலர் போர் வற்றிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ஊறல் குறைந்த போர்களில் கம்ப்ரசர் போடுகிறார்கள். போருக்குள் காற்றுக் குழாயும் தண்ணீர்க் குழாயும் மட்டுமே இறங்குகின்றன. கம்ப்ரசர் அனுப்பும் காற்று குமிழ்களாகக் கலந்ததும் தண்ணீர்க் குழாய்க்குள் இருப்பது லேசாகிவிடும். வெளியே கனமாக நிற்கும் நீர் அதை மேலே தள்ளும். விட்டு விட்டுப் பீறிட்டு வருவது அதனால்தான். உள்ளே சுழலும் உறுப்பு எதுவும் இல்லாததால் மணல் வந்தாலும் கெடுதல் இல்லை, சிக்கிக்கொள்ளும் பயமும் இல்லை. ஆனால் காற்றை அழுத்தும்போது எழும் வெப்பமெல்லாம் வீண். அதே மின்சாரத்தில் சப்மெர்சிபிள் எடுப்பதில் ஒரு சிறு பங்குதான் இதில் கிடைக்கும். வேறு வழியில்லாத போருக்கு மட்டும் இது சரி. வசதி கருதி எல்லாப் போரிலும் மாட்டுவது தவறு.

தெருவோர அடிபம்பும் தள்ளும் வகைதான். 1970-களில் யுனிசெஃப் துணையோடு உருவான இந்தியா மார்க் 2 பம்பில், வாஷர் பொருத்திய பிஸ்டன் ஆழத்தில் நீருக்குள்ளேயே இருக்கிறது. நாம் அழுத்தும் கைப்பிடி நீண்ட கம்பியால் அதைத் தூக்குகிறது. 100 அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீர் மின்சாரமில்லாமல் வருவது அதனால்தான்.

இப்போது ஹெச்.பி.க்கு வரலாம். 1,000 லிட்டர் தண்ணீரை 100 அடி ஏற்ற இயற்கை கேட்பது சுமார் 0.083 யூனிட் மின்சாரம். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 30 சதவீதத் திறனில் ஓடினால் அது 0.28 யூனிட் ஆகிறது. மீதி சூடாகவும் சத்தமாகவும் போகிறது. 40 சதவீதத் திறனுள்ள 1 ஹெச்.பி. பம்பு 100 அடிக்கு நிமிடத்தில் ஏறத்தாழ 60 லிட்டர் தரும். 50 அடிக்கென வடிவமைத்த பம்பு அதே ஹெச்.பி.யில் 120 லிட்டர் தரும். ஆக, உயரத்தைச் சொல்லாமல் ஹெச்.பி. மட்டும் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை.

'பெரிசாவே இருக்கட்டும்' என்ற எண்ணமும் ஆபத்துதான். அதிக உயரத்துக்கான மோனோபிளாக்கைக் குறைந்த உயரத்துக்குப் போட்டால், எதிர்ப்பில்லாமல் தண்ணீர் அள்ளிக் கொட்டும், மோட்டார் அளவுக்கு மீறி ஆம்பியர் இழுக்கும், காயில் கருகும். கேட் வால்வைக் கொஞ்சம் மூடினால் இந்த வகைப் பம்பில் சுமை குறையும். மூடினால் மோட்டார் திணறும் என்று பலர் பயப்படுவதற்கு நேர்மாறு இது.

இலவச மின்சாரம் பெறும் விவசாயிக்குத் திறன் குறைந்த பம்பினால் பில் ஏறுவதில்லை. ஆனால் அந்தச் செலவை மின்வாரியமும் அரசும், கடைசியில் நாமும் சுமக்கிறோம். எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திரக் குறி பம்புகளுக்கும் உண்டு. ஃபிரிட்ஜில் தேடும் நட்சத்திரத்தைப் பம்பிலும் தேடலாம்.

கடைக்குப் போகும்முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கோடையில் தண்ணீர் நிற்கும் ஆழம், தரையிலிருந்து தொட்டியின் உயரம், குழாயின் நீளமும் விட்டமும், ஒரு நாளைக்கு வேண்டிய லிட்டர். பம்பின் பெயர்ப்பலகையில் 'ஹெட்' என்று இரண்டு எண்கள் இருக்கும். உங்கள் மொத்த உயரம் அவற்றின் நடுவே விழ வேண்டும். எழுதியிருக்கும் உச்ச உயரத்துக்கு அருகில் தண்ணீர் பெயருக்குத்தான் வரும். இந்தத் தாளை வாங்கிப் பார்க்காமல் "எத்தனை ஹெச்.பி.?" என்று மட்டும் கேட்கும் கடையில் மோட்டார் வாங்காதீர்கள்.