ஆற்றின் பெயரைச் சொல்வோம், மடுவின் வழியைச் சொல்ல வேண்டாம்

சென்ற ஆண்டு பருவ விடுமுறையில் நான் செய்த ஒரு தவற்றைப் பற்றி எழுதுகிறேன். அதைச் செய்ய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு படத்தைப் படவரியில் ஏற்றினேன். இடத்தையும் சேர்க்கவா என்று கைப்பேசி கேட்டது. சேர்த்தேன்.

படத்தில் இருந்தது ஒரு மடு. ஜொகூரின் கிழக்குக் கரைப் பக்கம், சதுப்புக் காட்டுக்குள், சிற்றாறு ஒன்று வளையும் இடத்தில் தேங்கி நிற்கும் ஆழமான நீர். மலாய்க்காரத் தூண்டில்காரர்கள் 'லூபுக்' என்பார்கள். அது எந்த ஊர்ப் பக்கம் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்பது கட்டுரையைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

என்னையும் என் தம்பியையும் அங்கே அழைத்துச் சென்றவர் எங்கள் மாமா. செம்பனைத் தோட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் லாரி ஓட்டியவர். அவருக்கு அந்த வழியைக் காட்டியவர் ஜாக்குன் பூர்வகுடியைச் சேர்ந்த அவருடைய நண்பர். தோட்டத்துச் செம்மண் சாலை முடியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம். தூரம் என்று பார்த்தால் மூன்று கிலோமீட்டர்தான் இருக்கும். போய்ச் சேர மூன்றரை மணி நேரம் ஆனது.

"விலை கூடின சப்பாத்தெல்லாம் வேணாம்மா, அடிடாஸ் கம்போங் போதும்" என்று மாமா முதல் நாளே சொல்லியிருந்தார். ரப்பர் மரம் சீவுபவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்துக்கு நம் நாட்டில் அதுதான் பட்டப்பெயர். சேறு அதில் ஒட்டாது, தண்ணீர் புகுந்தாலும் உடனே வடிந்துவிடும். கையில் ஆளுக்கொரு கம்பு. முதலில் கம்பு, பிறகுதான் கால். வேர் தெரிந்தால் வேரின் மேல் மிதிக்க வேண்டும். சருகு சமமாகப் பரந்து கிடந்தால் நம்பக் கூடாது, அடியில் தொடை ஆழத்துக்குச் சேறு இருக்கும். பிரம்பு முள் சட்டையைப் பிடித்தால் இழுக்கக் கூடாது. ஓரடி பின்னால் வந்து நிதானமாகக் கழற்ற வேண்டும். இத்தனையும் கேட்டுக்கொண்ட பிறகும் நான் இடுப்பு வரை இறங்கினேன். மாமா சிரித்தார். "புதுசா வர்றவங்கள இது இடுப்பு வரைக்கும் பார்த்துட்டுத்தான் உள்ள விடும்" என்றார்.

மடுவின் நீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் இருந்தது. அழுக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். உதிர்ந்த இலையும் விழுந்த மரமும் முழுதாக மக்காமல், காலங்காலமாக நீருக்குள் சேர்ந்து கரிமண் ஆகிறது. மலாயில் இதை 'காம்புட்' என்பார்கள். அந்த மண்ணின் சாறு இறங்கித்தான் நீருக்கு இந்த நிறம். அமிலத்தன்மை மிகுந்த இந்த நீரில் எல்லா மீனும் பிழைக்காது. இதற்கென்றே பழகிய மீன்கள் உண்டு.

தூண்டிலை எடுத்தபோது, சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் ஓரத்தில் நீர்மட்டம் கொப்பளித்தது. செந்நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறைந்தன. தோமான் குஞ்சுகள். நான் எறியக் கையை ஓங்கினேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கீழே தாயும் தகப்பனும் காவலுக்கு நிக்குது. இப்ப எறிஞ்சா கண்டிப்பா கடிக்கும். அதுங்கள தூக்கிட்டா குஞ்சு அத்தனையும் மத்த மீனுக்கு இரைதான்." நாங்கள் எதிர்க்கரைக்குப் போனோம். இரண்டு விரால் கிடைத்தன. ஒன்றை விட்டுவிட்டோம், ஒன்றைச் சுட்டுச் சாப்பிட்டோம். பிறகுதான் அந்தப் படத்தை எடுத்தேன்.

நான்கு மாதங்களுக்குப் பிறகு மீண்டும் போனோம். இம்முறை கம்பு அதிகம் தேவைப்படவில்லை. மரத்துக்கு மரம் சிவப்பு நெகிழிக் கயிறு கட்டியிருந்தது. பிரம்புக் கொடிகளைப் பாராங்கால் வெட்டி வழி செய்திருந்தார்கள். மடுவின் கரையில் போலிஸ்டைரின் உணவுப் பெட்டிகள், இரைப் பொட்டலங்கள், கிளைகளில் சிக்கிய நைலான் நரம்புகள். சாய்ந்த மரத்தின் ஓரத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். நீர் கொப்பளிக்கவே இல்லை.

என் பதிவைப் பார்த்துத்தான் எல்லாரும் வந்தார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் என் படத்தின் கீழே நன்றி சொல்லியிருந்தார். அவருடைய பக்கத்தில், அதே சாய்ந்த மரத்தின் முன்னால், இரண்டு பெரிய தோமான்களைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு படம் இருந்தது. மாமா என்னைத் திட்டவில்லை. திரும்பி வரும் வழியில் அந்தச் சிவப்புக் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டே வந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

தொலைவுதான் காவல்

நாங்கள் ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேட்கலாம். ஊருக்குப் பக்கத்திலேயே ஆறுகள் இல்லையா? இருக்கின்றன. அவற்றின் நிலை நமக்குத் தெரியும். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நம் தலைமுறைக்கு அது பாடநூல் செய்தியல்ல. லாரி போக முடிந்த இடத்துக்குக் கழிவும் போகும். லாரி போக முடியாத இடத்தில்தான் தோமான் இன்னும் குஞ்சு பொரிக்கிறது. சேறும் முள்ளும் அட்டையும் அந்த மடுவுக்குச் சம்பளம் வாங்காத காவலாளிகள். என் இடக்குறி அந்தக் காவலைத் தாண்டி நேரே உள்ளே கொண்டுபோய் விட்டது.

இந்தச் சிக்கல் தூண்டில்காரர்களுக்கு மட்டும் உரியதன்று. 2017-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான டேவிட் லிண்டன்மேயர், பென் ஷீலி இருவரும் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அரிய உயிரினங்கள் வாழும் துல்லியமான இடத்தை வெளியிடுவது திருடர்களுக்கு வழிகாட்டியாகிவிடுகிறது, எனவே வெளியிடும் முன் யோசியுங்கள் என்பது அவர்கள் வாதம். இதற்கு நம் பக்கத்து நாட்டிலேயே சான்று உண்டு. இந்தோனேசியாவின் ரோத்தி தீவில் வாழும் நீள்கழுத்து ஆமை 1994-இல் தனி இனமாக அறிவிக்கப்பட்டது. செல்லப்பிராணிச் சந்தையில் அதன் விலை ஏறியது. காட்டில் அதைக் காண்பதே அரிதாகிவிட்டது.

ஜொகூரிலும் அப்படிப்பட்ட உயிர்கள் இருக்கின்றன. 'பெத்தா பெர்செபோனே' என்ற மிகச் சிறிய கறுப்புச் சண்டை மீன் 1986-இல் அறிவியல் பெயர் பெற்றது. நம் மாநிலத்தின் கரிமண் சதுப்பு நீர்தான் அதன் வீடு. உலக அளவில் அழியும் அபாயத்தில் உள்ள மீன்களின் பட்டியலில் அது இடம் பெற்றிருக்கிறது. அந்த நீரை வடித்துவிட்டால் அதற்குப் போக வேறு இடம் இல்லை.

மறைத்தால் மட்டும் போதுமா?

என் வகுப்புத் தோழர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு நேர்மாறாக வாதிட்டார். "யாருக்கும் தெரியாத காட்டை நாளைக்கு வெட்டினால் யார் கேட்பது? உனக்கும் உன் மாமாவுக்கும் மட்டும் தெரிந்தால் போதுமா? ஆறு உங்கள் சொத்தா?" இது தட்டிக் கழிக்கக் கூடிய கேள்வி அல்ல. வரலாறும் அவர் பக்கம் நிற்கிறது.

1977-இல் எண்டாவ் ரொம்பின் காட்டின் பகாங் பகுதியில் மரம் வெட்ட அனுமதி வழங்கப்பட்டது. பொதுமக்களும் பத்திரிகைகளும் இயற்கை ஆர்வலர்களும் எழுப்பிய எதிர்ப்பால் அந்த வேலை நின்றது. 1985, 1986-ஆம் ஆண்டுகளில் மலாயன் இயற்கைச் சங்கம் அங்கே பெரிய அறிவியல் பயணம் ஒன்றை நடத்தியது. அங்கே என்னென்ன வாழ்கின்றன என்பது நாட்டுக்குத் தெரிந்தது. 1993-இல் ஜொகூர்ப் பகுதி தேசியப் பூங்காவானது. பெயர் தெரிந்ததால் பிழைத்த காடு அது.

பெயர் போதிய அளவு பரவாமல் போன கதையும் நம்மிடம் உண்டு. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய கார்னர் என்ற ஆங்கிலேயர், 1930-களில் செடிலி ஆற்றுச் சதுப்புக் காடுகளில் அலைந்து தாவரங்களைச் சேகரித்தார். உயர்ந்த மரங்களில் ஏறிக் கிளை ஒடித்துப் போட 'பேரோக்' குரங்குகளைப் பழக்கி வைத்திருந்தார். ஜொகூரின் தெற்கிலும் சிங்கப்பூரிலும் இருந்த நன்னீர்ச் சதுப்புக் காடுகளைப் பற்றிய அவருடைய நூல் 1978-இல்தான் வெளிவந்தது. அதற்குள் அவர் பார்த்த காட்டில் பெரும் பகுதி போய்விட்டது.

ஆக, சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்தா? நான் நெடுநாள் இதில் குழம்பினேன். இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: எதைச் சொல்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காட்டின் பெயர் வேறு, மடுவுக்குப் போகும் வழி வேறு. எண்டாவ் ரொம்பினைக் காப்பாற்றியது முன்னது. எங்கள் மடுவைக் கெடுத்தது பின்னது. செடிலி, எண்டாவ் போன்ற ஆறுகளின் பெயரை ஆயிரம் பேருக்குச் சொல்லலாம், கட்டாயம் சொல்ல வேண்டும். அங்கே என்ன மீன் வாழ்கிறது, நீர் ஏன் கறுப்பாக இருக்கிறது, எந்தப் பக்கம் வாய்க்கால் வெட்டி வடிக்கிறார்கள் என்று எழுதலாம். தோமான் எந்த மரத்தடியில் குஞ்சு காக்கிறது என்பது மட்டும் உலகத்துக்குத் தெரிய வேண்டியதில்லை.

வழி தெரிய வேண்டியவர்களுக்கு அது ஆளிடமிருந்து ஆளுக்கு வரட்டும். மாமாவுக்கு அப்படித்தான் வந்தது. ஜாக்குன் நண்பர் வழியோடு சேர்த்து எங்கே எறியக் கூடாது என்பதையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். எண்டாவ் ரொம்பினுக்கு கம்போங் பெத்தா வழியாகப் போகிறவர்கள் அனுமதி பெற்று, அங்குள்ள ஜாக்குன் வழிகாட்டிகளோடு போகிறார்கள். இடக்குறி வழியை மட்டும் தரும். ஒழுங்கைத் தராது.

பாதுகாப்பையும் அது தராது. 2010-இல் பகாங்கின் லூபுக் யூ நீர்த்துறையில் மூழ்கிய ஓர் இளைஞரைத் தேடப் போனவர்களில் பலர் பின்னர் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள். எலிக்காய்ச்சலும், மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் என்ற நோயும்தான் காரணம். காலில் புண் இருந்தால் சதுப்பில் இறங்க வேண்டாம், திரும்பிய பின் காய்ச்சல் கண்டால் எங்கே போய் வந்தீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள் என்று எந்த வரைபடமும் நமக்குச் சொல்வதில்லை.

நாம் செய்யக் கூடியது

மாணவ நண்பர்களே, சதுப்புக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள். தோட்டத்து வாய்க்காலில் விரால் பிடித்து வளர்ந்த தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம். அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிவந்த பிறகு அந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போய்விட்டது. ஒரு முறை இடுப்பளவு சேற்றில் இறங்கி எழுந்தவருக்கு, சதுப்பை வெறும் தரிசு நிலம் என்று யாராவது சொன்னால் கோபம் வரும். அந்தக் கோபம் நமக்குத் தேவை.

ஆனால் தெரிந்தவர்களோடு போங்கள். படம் ஏற்றும் முன் இடக்குறியை நீக்குங்கள். அடையாளம் காட்டும் மரமோ பாறையோ படத்தில் வேண்டாம். குஞ்சுகளோடு நிற்கும் மீன் மேல் தூண்டில் எறியாதீர்கள். வெடி, நஞ்சு, மின்சாரம் கொண்டு மீன் பிடிப்பதை 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. அப்படி யாராவது செய்வதைப் பார்த்தால் மீன்வளத் துறைக்குத் தெரிவியுங்கள். அந்தத் தகவலில் மட்டும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள். புலனத்தில் நண்பர் வழி கேட்டால், 'அடுத்த முறை என்னோடு வா' என்று சொல்லுங்கள். உண்மையான ஆர்வம் உள்ளவர் வருவார்.

என் பழைய பதிவை நீக்கிவிட்டேன். அதைப் பார்த்தவர்களின் நினைவிலிருந்து நீக்க முடியாது. இந்த ஆண்டு இறுதி விடுமுறையில் மீண்டும் போகலாம் என்று மாமா சொல்லியிருக்கிறார். தூண்டில் கொண்டு போகப் போவதில்லை. இரண்டு கோணிப்பை எடுத்துக்கொண்டு போய், கிடக்கும் குப்பையை அள்ளிக்கொண்டு வரப் போகிறோம். பிறகு அந்தச் சாய்ந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, நீர் கொப்பளிக்கிறதா என்று பார்ப்போம்.

கொப்பளித்தால் படம் எடுப்பேன். ஆனால் அது வீட்டுச் சுவரில் மட்டும்தான் தொங்கும்.