கத்தரிக்கோல் யார் கையில் இருந்தால் கலை?

போன மாதம் ஒரு தனியார் கல்லூரியில் 'காகிதச் சிற்பம்' பயிற்சி முகாம் நடந்திருக்கிறது. நம் தோழர் ஒருவர், முதலாமாண்டு மாணவர், கட்டணம் கட்டிப் போயிருக்கிறார். வண்ணத்தாளை மடித்து வெட்டுவது, வெட்டிய இதழ்களின் அடியில் மட்டும் பசை வைத்து அடுக்கி எழுப்புவது, இவைதான் பாடம். "அண்ணே, இதெல்லாம் எங்க தாத்தா பாடைக்குச் செய்யறதுதான். சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல" என்றார் போனில். அந்தச் 'சொல்லல'தான் இதை எழுத வைக்கிறது.

என் பெரியப்பாவும் தேர்ப்பாடை கட்டியவர். விடியலில் ஊர்த்தெருவிலிருந்து சாவுச் செய்தி வரும். மூங்கிலைத் தப்பையாகப் பிளந்து சட்டம் கட்டுவார். பெரியம்மா மைதாப் பசை காய்ச்சுவார். கலர் தாளை எட்டாக மடித்து, பென்சில் கோடுகூடப் போடாமல் வெட்டுவார். பிரித்தால் கொடியும் மயிலும் இருக்கும். இதழின் ஓரத்தைக் கத்தரியின் முதுகில் வைத்து ஒரு இழுப்பு இழுப்பார். தட்டையாகக் கிடந்த தாள் சுருண்டு எழுந்து பூவாகிவிடும். மதியத்துக்குள் மூன்றடுக்குத் தேர் நிற்கும். மாலையில் சுடுகாட்டில் பிய்த்துப் போடுவார்கள். கூலி பேசும் வழக்கமே கிடையாது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வர வேண்டும், அதுவும் தள்ளி நின்று.

ஒரு பொழுதுகூட நிலைக்காததைச் சிற்பம் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பிரான்சின் ஆன்றி மத்தீஸ் 1941இல் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடி வண்ணத்தாள்களை வெட்டிப் படைத்தார். தாளுக்கு வண்ணம் பூசியவர்கள் அவருடைய உதவியாளர்கள். அப்படிப் பிறந்த 'நத்தை' (1953) இன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சொத்து. அதுவும் கிழியக்கூடிய தாள்தான். காப்பாற்றத் தகுந்தது என்று யாரோ முடிவு செய்தார்கள், அதனால் இருக்கிறது. பெரியப்பாவின் தேரை ஒருவரும் படம்கூட எடுத்து வைக்கவில்லை.

அரசின் கண்ணும் அப்படித்தான். 2023இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள். சிற்பி என்றால் அங்கே கல் கொத்துபவர். தாள் வெட்டுபவருக்கு இடமில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் நம்மையும் சேருங்கள் என்று மனுக் கொடுக்க நான் வரமாட்டேன். குடும்ப வழித் தொழில் என்ற பெயரில் அப்பன் தொழிலில் பிள்ளையைக் கட்டிப்போடும் திட்டம் அது. தமிழ்நாடு அரசு அந்த நிபந்தனையை எதிர்த்து, 25 தொழில்களோடு கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தனியாகக் கொண்டுவந்தது சரியான முடிவு.

'சாவு வேலையை விட்டொழிப்பதுதான் விடுதலை, அதைப் போய்க் கலை என்று கொண்டாடுவதா?' என்று மூத்த தோழர்கள் கோபப்படுவார்கள். அந்தக் கோபம் நியாயமானது. பறையிலும் இதே சண்டை நடந்தது. இனி சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே போட்டவர்களும் நம்மவர்கள், அதையே மேடைக்கு எடுத்துப் போனவர்களும் நம்மவர்கள். 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. முதலாமவர்கள் மறுத்திருக்காவிட்டால் இரண்டாமவர்களுக்கு மேடை கிடைத்திருக்குமா என்பது என் சந்தேகம். கட்டாயத்தை மறுப்பதும் கைத்திறனை உரிமை கொண்டாடுவதும் ஒரே ஆள் செய்யக்கூடிய வேலைகள்தான். பெரியப்பா கடைசிக் காலத்தில் ஊர்த்தெருவுக்குப் போவதை நிறுத்திவிட்டார். கத்தரியை மட்டும் விடவில்லை, எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தலெல்லாம் அவர் வெட்டியதுதான்.

அந்த மாணவர் இப்போது ஏப்ரல் 14 ஊர்வல வண்டிக்குத் தேர் கட்டித் தரும்படி தாத்தாவிடம் கேட்டிருக்கிறார். கண் சரியாகத் தெரியவில்லையாம். "பக்கத்துல உக்காந்து சொல்றேன், நீ வெட்டு" என்றாராம். யார் வேண்டுமானாலும் வந்து கற்றுக்கொள்ளலாம், எந்தத் தெருவாக இருந்தாலும். தாத்தாவுக்கு நாள் கூலி பேசியாகிவிட்டது, வண்டியில் அவர் பெயர் எழுதப்படும். தாளும் மூங்கிலும் வாங்கத்தான் இன்னும் பணம் சேரவில்லை.