மற்றவை

ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு மென்பொருள் எழுதுகிறேன். அங்கே லைனில் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். ஆண்டான் என்பார்கள். போல்ட் சரியாக உட்காரவில்லை என்று சந்தேகம் வந்தாலே போதும், நேற்று சேர்ந்த அப்ரண்டிஸ்கூட அதை இழுக்கலாம். விளக்கு எரியும், சூப்பர்வைசர் ஓடிவருவார். "ஆதாரம் இருக்கா? யார்மேல குத்தம் சொல்ற?" என்று கேட்கமாட்டார். முதலில் வந்து பார்ப்பார்.

ஒரு போல்ட்டுக்குக் கிடைக்கும் இந்தக் கவனம், ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. என் கோபம் அதுதான். அப்படிக் கோபப்பட எனக்குப் பெரிய தகுதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்கு முன் ஓர் ஆன்லைன் டியூஷன் நிறுவனத்தில் இருந்தேன். 'பிரச்சினையைத் தெரிவிக்க' என்ற பொத்தானை எழுதியவன் நான்தான். அழுத்தினால் நான்கு தேர்வுகள் வரும்: ஆடியோ, வீடியோ, கட்டணம், மற்றவை. ஒருநாள் பழைய டிக்கெட்டுகளைப் புரட்டும்போது 'மற்றவை'யில் ஒன்று கண்ணில் பட்டது. "கிளாஸ் முடிஞ்சப்புறமும் சார் என்னை மட்டும் இருக்கச் சொல்றார். கேமரா ஆன் பண்ணச் சொல்றார்." 'கேமரா' என்ற சொல்லைப் பார்த்ததும் என் நிரல் அதைத் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தள்ளியிருந்தது. போன பதில்: ஆப்பை அப்டேட் செய்யவும். நிலை: தீர்க்கப்பட்டது.

மேலாளரிடம் கொண்டுபோனேன். "அந்தப் பொண்ணு இப்ப நம்மகிட்ட படிக்கலையே, விடுப்பா" என்றார். விட்டேன். பல மாதம் கழித்து, சட்டம் என்ன சொல்கிறது என்று படித்துவிட்டு 1098-ஐ அழைத்தபோது, நான் அந்த வேலையில் இல்லை. சொல்வதற்கு அவள் பெயர்கூட என்னிடம் இல்லை.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19-ஆம் பிரிவு. குற்றம் நடந்தது தெரிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. 'எந்த நபரும்' என்கிறது. ஆசிரியர், முதல்வர், மேலாளர், பொத்தான் எழுதிய நான், எல்லோரும் அதில் அடக்கம். நடந்த குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை.

2021 மே மாதம் சென்னை கே.கே.நகர் பத்மா சேஷாத்ரி பள்ளி விவகாரம் வெடித்தது. ஆன்லைன் வகுப்பில் துண்டோடு வந்தார், மாணவிகளுக்குத் தவறான செய்திகள் அனுப்பினார் என்று ஓர் ஆசிரியர்மீது புகார். போக்சோவில் கைதானார். அந்தப் புகார் வெளியே வந்த வழியைக் கவனியுங்கள்: இன்ஸ்டாகிராம். முன்பே சொன்னோம், கேட்கவில்லை என்றார்கள் முன்னாள் மாணவர்கள். எங்கள் கவனத்துக்கு வரவில்லை என்றது பள்ளித் தரப்பு. அதே ஆண்டு நவம்பரில் கோவையில் ஒரு மாணவி உயிரை மாய்த்துக்கொண்டபோது, ஆசிரியரோடு பள்ளி முதல்வரும் கைது செய்யப்பட்டார், புகாரை மேலே கொண்டுபோகவில்லை என்பதற்காக.

இடையில், 2021 ஜூனில், தமிழக அரசு நெறிமுறைகள் வெளியிட்டது. ஆன்லைன் வகுப்பைப் பதிவு செய், உடை ஒழுங்கைக் கடைப்பிடி, பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமை. நல்லதுதான். ஆனால் பதிவு வகுப்பைத்தான் பிடிக்கும்; ராத்திரி பதினொரு மணிக்கு வரும் வாட்ஸ்அப்பைப் பிடிக்காது. குழுவில் முதல்வரும் நிர்வாகப் பிரதிநிதியும் உட்கார்ந்திருக்கிறார்கள். புகார் வெளியே போனால் அதிகம் இழக்கப்போகிறவர்களின் மேசைக்கே அது முதலில் போகிறது.

"பொய்ப்புகார் வந்தால் வாத்தியார் வாழ்க்கை என்ன ஆவது?" என்று கேட்பார்கள். நியாயமான பயம். வேண்டுமென்றே பொய் சொல்லும் பெரியவர்களுக்கு 22-ஆம் பிரிவில் தண்டனை இருக்கிறது, குழந்தைக்கு இல்லை. அதோடு, தகவல் சொல்வது தீர்ப்பு ஆகாது. விசாரிப்பது காவல்துறையின் வேலை. பள்ளியே விசாரித்து, பள்ளியே சமாதானம் பேசி, பள்ளியே ஃபைலை மூடுவதில் ஆசிரியருக்கும் நியாயம் கிடைக்காது.

சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு வாடகை வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்பா நைட் ஷிஃப்ட் கிளம்பிவிட்டார், அம்மா செகண்ட் ஷிஃப்டிலிருந்து இன்னும் வரவில்லை. பிள்ளையும் போனும் மட்டும். விஷயத்தைச் சொன்னால் முதலில் பறிபோவது தன் போனும் படிப்பும்தான் என்று அவளுக்குத் தெரியும். இவ்வளவையும் மீறித்தான் அவள் 'மற்றவை'யை அழுத்துகிறாள்.

நான் கேட்பது மூன்றுதான். 'எனக்குப் பயமா இருக்கு' என்று பிள்ளைக்குப் புரியும் மொழியில் ஒரு பொத்தான். அது போய்ச் சேரும் இடம், அந்த வகுப்பால் சம்பாதிக்காத ஒருவர், பக்கத்திலேயே 1098. அந்தப் பிள்ளையிடம் ஒரு மனிதர் பேசாமல் 'தீர்க்கப்பட்டது' என்று குறிக்க முடியாத நிரல்.

இதை எழுத ஒரு வாரம்கூட ஆகாது, எனக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போல நிரல் எழுதுகிறவர்கள். நாளைக்கு ஆபீஸ் போனதும், உங்கள் ஆப்பில் 'மற்றவை' எங்கே போகிறது என்று பாருங்கள்.