வானம் தோண்டியாச்சா?

"வானம் தோண்டியாச்சா?" என்று கேட்டேன்.

கொத்தனார் மேலே பார்த்தார். வெயில். அப்புறம் என்னைப் பார்த்தார். 'இவரை முதல்ல நிழல்ல உட்கார வைங்க' என்கிற மாதிரி என் நண்பனைப் பார்த்தார்.

தப்பு என்னுடையதுதான். எங்கள் விருதுநகர்ப் பக்கம் அஸ்திவாரத்துக்குக் குழி எடுப்பதற்கு 'வானம் தோண்டுறது' என்று பேர். பூமிக்குள்ளே வானம் எப்படிப் போச்சு என்று சின்ன வயசில் அப்பாவைக் கேட்டு, பதிலாக ஒரு குட்டு வாங்கியிருக்கிறேன். இங்கே திருப்பாலைவனத்தில் அதே குழிக்குக் கடைக்கால் என்று பேர். கொத்தனார் வாயில் 'கடக்கா'.

திருப்பாலைவனம் என்றதும் ஒட்டகம் தேட வேண்டாம். இங்கே பாலை என்பது மரம். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகிற வழியில் உள்ள ஊர். திருப்பாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் போனால் ஏரி, கடல், இறால். நண்பன் இங்கே வீடு கட்டுகிறான். "பூஜைக்கு வாடா" என்று கூப்பிட்டான்.

கூப்பிட்டதில் ஒரு சூது இருந்தது. ரயில் எண்ணூர் தாண்டும்போது சிமென்ட் விலை பேசினான். மீஞ்சூரில் கம்பி விலை. பொன்னேரி வருவதற்குள், "உன் எஃப்.டி. எப்ப முடியுது?" என்றான்.

"டேய், அஸ்திவாரம் போடறியா?" என்றேன். திரும்பி ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

இந்த ஒரு சமாசாரத்துக்குத் தமிழில் எத்தனை வார்த்தைகள்! வீட்டுக்கு அஸ்திவாரம். கட்டுரைக்கு அடித்தளம். யாழ்ப்பாணத்தில் அத்திவாரம். மந்திரி வந்தால் அடிக்கல் (கல் மட்டும் நிற்கும், கட்டடம் அடுத்த தேர்தலுக்கு). சிலப்பதிகாரத்தில் கால்கோள் என்ற பேரில் ஒரு காதையே இருக்கிறது. மேஸ்திரிகளுக்கு பேஸ்மட்டம். பேஸ்மென்ட்டில் பாதியை வைத்துக்கொண்டு மீதிக்கு நம்ம 'மட்ட'த்தை ஒட்டிய அந்த மகானுக்குச் சிலை வைக்கலாம். கல்யாண ரிசப்ஷனில் பவுண்டேஷன் என்றால் பெண்ணின் கன்னத்தில் இருப்பது. பி.காம். படித்த என்னைக் கேட்டால் 'முதல்' என்பேன். எதற்கும் முதல் முதலில் வேண்டியது முதல்தான்.

நண்பனிடம் இல்லாததும் அதுதான்.

குழியை எட்டிப் பார்த்தேன். மூணடிக்குக் கீழே மணலில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. "மணல்ல வீடு நிக்குமாங்க?" என்றேன்.

கொத்தனார் சிரித்தார். "மணல் கெட்டது இல்ல சார். அது ஓடாம பாத்துக்கணும், அவ்ளோதான். நாலு பக்கமும் கட்டிப் போட்டுட்டா பாறையாட்டம் தாங்கும். உப்புத் தண்ணியிலதான் உஷாரா இருக்கணும். இந்தத் தண்ணிய ஊத்தி காங்கிரீட் கலந்தா உள்ள இருக்கற கம்பி துருப்பிடிச்சு உப்பி, வீட்டையே பொளந்துடும். நல்ல தண்ணி லாரிலதான் வரணும்." லாரிக்கும் பணம் என்று நண்பன் முகம் சொன்னது.

அவர் சொன்னதற்குப் பழவேற்காட்டிலேயே சாட்சி இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே கெல்டிரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்கள் வியாபாரத்துக்கே ரொம்ப காலம் அதுதான் தலைமையிடம். அவ்வளவு பெரிய கோட்டையை மணல் விழுங்கவில்லை. பிற்பாடு பிரிட்டிஷ்காரர்கள் இடித்தார்கள். 1825-ல் ஊரும் அவர்கள் கைக்குப் போனது. இன்றைக்குப் போனால் அகழியும் புதரும்தான். டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அஸ்தி இருக்கிறது, அஸ்திவாரம் போச்சு!

பூஜைக்கு நண்பனின் மாமா வந்திருந்தார். ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து, கையில் இறாலோடு. "வீட்டுக்குத்தான் தம்பி கடக்கா. எங்களுக்குப் பாடு" என்றார்.

"ஆமாங்க, பாடுதான்" என்று பரிதாபப்பட்டேன். அவர் சொன்ன பாடு வேறு. ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் வெட்டுக்குத்து. அதனால் உரிமையுள்ள குடும்பங்கள் முறை வைத்துக்கொள்கின்றன. அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. "என் பாடு வர்ற வரைக்கும் அடுத்தவன் புடிக்கட்டும்னு சும்மா இருக்கணும். அதுதான் கஷ்டம். அந்தக் கட்டு ஒடைஞ்சா குப்பமே நிக்காது" என்றார்.

எனக்கு அப்பா ஞாபகம் வந்தார். 1998-ல் வானம் தோண்டி, கருங்கல் வைத்து, பேஸ்மட்டம் வரை ஏற்றினார். அதோடு பணம் தீர்ந்தது. ஒன்பது வருஷம் அது அப்படியே கிடந்தது. தெருக்காரர்கள் அதில் வற்றல் காயப் போட்டார்கள். "என்ன சார், நீச்சல் குளமா?" என்று ஒருவர் கேட்டதற்கு அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதற்கப்புறம் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார். கைமாற்று கேட்க நாலு பேர் வீட்டுக்குப் போயிருக்கிறார். நாலு பேரும் நல்ல காபி கொடுத்தார்கள்.

நண்பன் குழிக்குள் நவதானியம் போட்டுக்கொண்டிருந்தான். என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. ரயிலில் கேட்டதை இனிமேல் கேட்க மாட்டான் என்று தெரிந்தது.

எஃப்.டி.யை முன்கூட்டியே உடைத்தால் வட்டியில் வெட்டு. எவ்வளவு போகும் என்று பி.காம். மூளை கணக்குப் போட்டது. போட்டு முடித்ததும் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். "அறுபதாயிரம். திங்கட்கிழமை அக்கவுண்டுக்கு வந்துடும். சுவர் எழும்பாம பணத்தை வேற எதுக்கும் எடுத்தே, கொன்னுடுவேன்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. மண் ஒட்டிய கையை வேட்டியில் துடைத்தான். அப்புறம் கண்ணையும் துடைத்தான். மண் பட்டுவிட்டதாம்.

சாயங்காலம் ரயில் ஏறினோம். மீஞ்சூர் வரை பேச்சில்லை. எண்ணூர் நெருங்கும்போது தொண்டையைக் கனைத்தான்.

"மச்சான், அடுத்த வருஷம் மேல ஒரு ரூம் எடுத்தா..."

"டேய்!" என்றேன்.